துருவத் தண்ணிய டாஃப்னியாவுல டெஸ்ட் பண்றப்ப வர்ற பிரச்சினைங்க: அறிகுறி பாத்து சரி பண்றது எப்படி

அண்டார்டிகா ஏரித்தண்ணியோ ஆர்க்டிக்ல இருக்கிற ஸ்வால்பார்ட் பனித்தண்ணியோ ஐஸ் பெட்டியில ஏறி பினாங்கு வந்து சேந்துருச்சு, லேப்ல டாஃப்னியா மேக்னா (தண்ணியில நீந்துற சின்ன ஓட்டு ஜீவன், வாட்டர் ஃப்ளீம்பாங்க) கல்ச்சர் ஓடிக்கிட்டு இருக்கு, டெஸ்ட் போட்டா ஏதோ ஒன்னு ஒத்துவரல, கேக்கலாம்னா சூப்பர்வைசர் ஊர்ல இல்ல. இந்த நிலைமையில இருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காகத்தான் இத எழுதுறேன். மொதல்லருந்து கடைசி வரைக்கும் படிக்கணும்னு இல்ல, உங்க பீக்கர்ல என்ன தெரியுதோ அந்த எடத்துக்கு நேரா போங்க.

ஆனா ஒன்னு முன்னாடியே சொல்லிடுறேன். மாத்திரை மருந்து மிச்சம், சன்ஸ்கிரீன்ல இருக்கிற யூவி ஃபில்டர், பிஎஃப்ஏஎஸ் (லேசுல சிதையாத ஃப்ளோரின் ரசாயனங்க), மைக்ரோபிளாஸ்டிக் இதெல்லாம் துருவத்துக்குப் போய்ச் சேருதுங்கறதுல சந்தேகம் இல்ல. 2022-ல வந்த ஒரு ஆய்வுல அண்டார்டிகாவோட ரோஸ் தீவுப் பக்கம் 19 எடத்துல அள்ளின பனியில ஒவ்வொன்னுலயும் மைக்ரோபிளாஸ்டிக் இருந்துச்சு, உருக்கின தண்ணியில சராசரியா லிட்டருக்கு 29 துகள். பிஎஃப்ஏஎஸ் காத்துலயும் கடல் நீரோட்டத்துலயும் போகுது. ஆராய்ச்சி நிலையங்களோட கழிவுத்தண்ணியும் இருக்கு, அண்டார்டிகா சுற்றுச்சூழலப் பாதுகாக்கிற 1991 மாட்ரிட் நெறிமுறைப்படி கோடைக்காலத்துல வாரச் சராசரியா 30 பேரு பக்கமோ அதுக்கு மேலயோ தங்குற நிலையம் கழிவ கடல்ல விடுறதுக்கு முன்னாடி கொறஞ்சது அரைச்சாவது விடணும், அரைச்சா மருந்து போகாது இல்லயா. ஆனா போய்ச் சேருதுங்கறது வேற, அங்க இருக்கிற உயிருக்குக் கெடுதல் பண்ணுதுங்கறது வேற. ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நாம இந்தச் சின்ன ஜீவன வச்சிருக்கோம். 1982-ல ஐநா சபையில அண்டார்டிகா எல்லாருக்கும் பொதுவா இருக்கணும்னு குரல் குடுத்த நாடு மலேசியா, 2011-ல அண்டார்டிக் ஒப்பந்தத்துலயும் சேந்தாச்சு, அதனால நம்ம லேப்லருந்து போற நம்பர் சரியா இருக்கணும். டாஃப்னியா செத்துச்சுன்னா உடனே தண்ணி மேல பழி போடாதீங்க. சூடு, உப்பு, பாட்டில், கொசு மருந்து எல்லாத்தையும் ஒன்னொன்னா தள்ளி வச்சிட்டு, கடைசியில மிச்சம் நிக்கிறதுதான் மாசு.

கன்ட்ரோல்லயே குட்டிங்க சாகுது

இதுதான் நெறய பேருக்கு வர்றது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். ஓஇசிடி 202ங்கற சர்வதேச டெஸ்ட்டு முறையில ஒரு அளவுக்கு 20 குட்டி, அஞ்சஞ்சா நாலு பீக்கர், 48 மணி நேரம். கன்ட்ரோல்ல (சாம்பிள் சேக்காத பீக்கர்ல) 10 சதவீதத்துக்கு மேல அசையாம போச்சுன்னா, அதாவது 20-ல மூனு போச்சுன்னாலே, அந்த டெஸ்ட்டு செல்லாது. சாம்பிள்ல என்ன அழகான ரிசல்ட் வந்திருந்தாலும் சரி, செல்லாதுன்னா செல்லாது.

மொத பாக்க வேண்டியது சூடு. டாஃப்னியா மேக்னா குளிர் நாட்டு ஜீவன், டெஸ்ட்டுக்கு 18-லருந்து 22 டிகிரி வேணும், நம்ம ஊர்ல ஏர்கோன் நின்னா ரூம் 30 டிகிரிக்குப் போயிரும். பகல்ல நீங்க பாக்கறப்ப 20 இருக்கும், ராத்திரி கட்டடத்துக்கே ஏர்கோன ஆஃப் பண்ணிட்டு காலையில ஏழு மணிக்கு ஆன் பண்ணுவாங்க, நீங்க வந்து பாக்கறப்ப எல்லாம் சரியா இருக்கும், குட்டிங்க மட்டும் செத்துக் கெடக்கும். அதனால ஒரு டேட்டா லாகர வாங்கி பீக்கர் பக்கத்துலயே ஒரு பாட்டில் தண்ணிக்குள்ள போட்டு வைங்க. இன்குபேட்டரோட முகப்புல தெரியற நம்பர நம்பாதீங்க, அது காத்தோட சூடு, லைட்டுக்கு நேர் கீழ இருக்கிற தட்டுல தண்ணி ரெண்டு டிகிரி கூட இருக்கலாம்.

சூடு சரின்னா அடுத்தது தண்ணி. பைப்புத் தண்ணியில குளோரின் இருக்கும், ஒரு நாள் முழுக்க ஏர் ஸ்டோன் போட்டு விட்டா வெறும் குளோரின் போயிரும், குளோரமீன்னா அப்படிப் போகாது, கார்பன் ஃபில்டர் வழியா விட்டுத்தான் ஆகணும், இல்ல சோடியம் தயோசல்ஃபேட் போடணும். இந்தத் தொல்லையே வேணாம்னா சுத்தமான டீஅயனைஸ்டு தண்ணியில நீங்களே உப்பு போட்டு ஐஎஸ்ஓ மீடியம் (டாஃப்னியாவுக்கான செயற்கைத் தண்ணி) கலக்கிக்குங்க: கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் சல்ஃபேட், சோடியம் பைகார்பனேட், பொட்டாசியம் குளோரைடு, நாலே உப்புதான். பழைய கட்டடத்துல செம்பு பைப்பு இருந்தா, லீவு முடிஞ்சு வந்து மொதல்ல தொறக்கிற தண்ணியில செம்பு நெறய இருக்கும், டாஃப்னியாவுக்கு செம்பு லிட்டருக்கு சில பத்து மைக்ரோகிராமே ஆபத்து.

மூனாவது, வெளிநாட்டுப் புத்தகத்துல யாரும் எழுதமாட்டாங்க, நம்ம ஊருக்கே உரியது: கொசு மருந்து. டெங்கி கேஸ் வந்தா ஃபாகிங் புகை அடிப்பாங்க, அதுல இருக்கிற பைரித்ராய்டு வகை மருந்து டாஃப்னியாவ மைக்ரோகிராமுக்கும் கீழ உள்ள அளவுலயே கொன்னுடும். ஜன்னல் சாத்தியிருந்தாலும் ஏர் பம்ப்பு வெளிக்காத்த இழுத்து நேரா கல்ச்சருக்குள்ள தள்ளுது, இத யோசிக்கிறதே இல்ல. பம்ப்பு வாயில கார்பன் ஃபில்டர் போடுங்க, புகை அடிக்கிற நாள்ல பம்ப்ப நிறுத்திட்டு தொட்டிய மூடி வைங்க, ஒரு நாள் காத்து இல்லாட்டி டாஃப்னியா தாங்கும். அப்புறம் வீட்டுல தொட்டியில போடுற அபேட் மணல், அதுல டெமிஃபோஸ்ங்கற கொசுப்புழு மருந்து இருக்கு, அதத் தொட்ட கையோட பிப்பெட்ட தொடாதீங்க. லேப்புக்குள்ள கொசு ஸ்ப்ரே அடிக்கிறவங்கள அன்பா வெளிய கூட்டிட்டுப் போய் சொல்லிக் குடுங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் சாகுதுன்னா குட்டியோட வயசையும் தாயோட நிலைமையையும் பாருங்க. 24 மணி நேரத்துக்குள்ள பொறந்ததா இருக்கணும், மொத ஈத்துக் குட்டி வேணாம், அது பலவீனம். தாய்ங்களுக்கு வெறும் ஈஸ்ட்டு மட்டும் போட்டு வளத்தா குட்டி சொத்தையாத்தான் வரும், குளோரெல்லா மாதிரி உயிருள்ள பாசி குடுங்க.

பொட்டாசியம் டைக்ரோமேட்டு ரெஃபரன்ஸ் டெஸ்ட்டு எல்லைக்கு வெளிய போகுது

ஜீவனுங்க சரியா இருக்கான்னு பாக்க தெரிஞ்ச விஷத்த வச்சுப் போடுற டெஸ்ட்டு இது. 24 மணி நேர ஈசி50 (பாதி ஜீவனுங்கள அசையாம ஆக்குற அளவு) லிட்டருக்கு 0.6-லருந்து 2.1 மில்லிகிராமுக்குள்ள வரணும். 0.6-க்குக் கீழ வந்தா ஜீவனுங்க ஏற்கனவே சோர்ந்திருக்கு, தீனி, சூடு, மீடியத்தோட ஹார்ட்னஸ் (கால்சியம், மெக்னீசியம் அளவு) இந்த மூனையும் பாருங்க. 2.1-க்கு மேல வந்தா பெரும்பாலும் எடை போட்டதுல கோளாறு, இல்ல 24 மணி தாண்டின குட்டி கலந்துருச்சு. சரி பண்ணாம துருவ சாம்பிள தொடாதீங்க, அந்தத் தண்ணி திரும்பக் கெடைக்காது, அடுத்த கப்பலுக்கு ஒரு வருசம் காத்திருக்கணும்.

தாய்ங்க குட்டி போடாம முதுகுல கறுப்பா ஒன்னு வச்சிருக்கு, ஆண் டாஃப்னியா வேற வருது

அந்தக் கறுப்பு எஃபிப்பியம், தூங்குற முட்டை. கூட்டம் ஜாஸ்தி, தீனி கம்மி, வெளிச்ச நேரம் கொறைஞ்சு போச்சு, இந்த மூனுல ஒன்னு நடந்தா டாஃப்னியா குட்டி போடுறத விட்டுட்டு முட்டைய மூடி வச்சுக்கும். தைப்பூசம், சீனப்பெருநாள்னு நீளமா லீவு வந்து யாரும் தீனி போட வராட்டி இது நடக்கும். தொட்டிய ரெண்டா பிரிங்க, 16 மணி நேரம் வெளிச்சம் குடுங்க, தீனிய சரி பண்ணுங்க, ரெண்டு மூனு ஈத்து போனதும் திரும்பிடும். அது வரைக்கும் வர்ற குட்டிய டெஸ்ட்டுக்கு எடுக்காதீங்க.

ஆண் வர்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. பைரிப்ராக்சிஃபென், மெத்தோப்ரீன் மாதிரி கொசுப்புழு வளராம தடுக்கிற மருந்துங்க பூச்சியோட ஜுவெனைல் ஹார்மோன் மாதிரியே வேல செய்யுது, அது தண்ணியில கொஞ்சம் இருந்தா தாய் ஆண் குட்டியா போடும். நல்லா தீனி தின்னுக்கிட்டு கூட்டமே இல்லாத கன்ட்ரோல்ல ஆண் வந்துச்சுன்னா உங்க ஊர்த் தண்ணிய சந்தேகப்படுங்க. கன்ட்ரோல்ல இல்லாம சாம்பிள்ல மட்டும் வந்துச்சுன்னா அது சத்தியமா கவனிக்க வேண்டிய விசயம், எடுத்து வைங்க, திரும்பப் போட்டுப் பாருங்க.

ஆர்க்டிக்லருந்து வந்த டாஃப்னியா வச்சிருக்கிறவங்க இதுக்கெல்லாம் பயப்படாதீங்க. அங்க இருக்கிற நெறய வகை ஆணே இல்லாம எஃபிப்பியம் போடும், குறுகின கோடையில அதோட வாழ்க்கை முறையே அப்படி. உடம்பு கறுப்பா இருக்கறதும் நோய் இல்ல, தெளிஞ்ச ஆழமில்லாத குளத்துல யூவி படாம இருக்க மெலனின் வச்சிருக்கு.

குட்டிங்க எல்லாம் மேல மிதக்குது

டாஃப்னியா ஓட்டுக்குள்ள காத்து மாட்டிக்கிட்டா தண்ணி மேல ஒட்டிக்கும், கீழ வர முடியாது, அப்படியே இருந்தா செத்துரும். பிப்பெட்டு நுனிய தண்ணிக்குள்ள முக்கி குட்டிய விடணும், மேலருந்து சொட்டு சொட்டா விட்டா காத்தும் சேந்து மாட்டும், இது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்.

துருவ சாம்பிள்ல மட்டும் மிதக்குது, கன்ட்ரோல்ல இல்லன்னா காரணம் வேற. 4 டிகிரித் தண்ணி லிட்டருக்கு 13 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிச்சு வைக்கும், 20 டிகிரியில 9 தான் பிடிக்கும், அப்ப ஃபிரிட்ஜுலருந்து எடுத்த சாம்பிள அவசரமா சூடாக்குனா மிச்சக் காத்து எங்க போகும், சின்னச் சின்ன காத்துக் குமிழா வெளிய வந்து குட்டியோட கால்லயும் ஓட்டுலயும் ஒட்டிக்கும். ரூம்ல அகலமான பாத்திரத்துல ஊத்தி, மெல்ல கலக்கி, 20 டிகிரி வந்து ஆக்சிஜன் மீட்டர் அடங்கின பொறவு குட்டிய விடுங்க. வேகமா ஏர் ஸ்டோன் போடாதீங்க, ஆவியாகிப் போற ரசாயனம் இருந்தா அதுவும் போயிரும், அப்புறம் எத அளக்கறது.

உடம்பு சிவப்பா மாறுது

ஆக்சிஜன் கொறைஞ்சிருக்கு, அதுக்காக ஹீமோகுளோபின் கூட்டிக்குது. பாசிய அளவா போடுங்க, அடியில தேங்குனத உறிஞ்சி எடுங்க. டெஸ்ட்டு முடியறப்ப ஆக்சிஜன் 3 மில்லிகிராமுக்குக் கீழ போகக்கூடாது.

துருவத் தண்ணிய அப்படியே ஊத்தினேன், எல்லாம் அசையாம போச்சு

இங்கதான் ஆளுங்க சந்தோசப்பட்டு "கண்டுபிடிச்சிட்டோம்"னு எழுத ஆரம்பிக்கிறாங்க, தயவு செஞ்சு நில்லுங்க. மொதல்ல கண்டக்டிவிட்டி மீட்டர (தண்ணியில எவ்ளோ உப்புன்னு காட்டுறது) முக்குங்க.

மீட்டர் ரொம்பக் கீழ, 50 மைக்ரோசீமென்ஸுக்கும் கம்மியா காட்டுதுன்னா, அது உருகின பனி, உப்பே இல்லாத தண்ணி. நம்ம டாஃப்னியா மேக்னா வளந்தது லிட்டருக்கு 140-லருந்து 250 மில்லிகிராம் ஹார்ட்னஸ் உள்ள தண்ணியில, அதத் தூக்கி உப்பில்லாத தண்ணியில போட்டா உடம்புல இருக்கிற உப்பெல்லாம் வெளிய கசியும், தோல் உரிக்கக் கால்சியம் கெடைக்காது, அசையாம போகும், இதுல மாசுக்கு ஒரு பங்கும் இல்ல. சரி பண்றதுக்கு ரெண்டு பீக்கர் கூட வைங்க. ஒன்னுல உங்க மீடியத்த டீஅயனைஸ்டு தண்ணி கலந்து சாம்பிளோட அதே கண்டக்டிவிட்டிக்குக் கொண்டு வாங்க, இதுலயும் குட்டி செத்தா காரணம் உப்புக் கொறைவு. இன்னொன்னுல சாம்பிளுக்குள்ளயே அந்த நாலு உப்பையும் கெட்டியான ஸ்டாக்லருந்து சேத்து சாதாரண மீடியத்தோட அளவுக்கு ஏத்துங்க, இதுல குட்டி பொழச்சா விசயம் முடிஞ்சது. உப்பு ஏத்தியும் சாகுதுன்னா அப்ப உக்காந்து யோசிக்கலாம்.

மீட்டர் ரொம்ப மேல காட்டுதுன்னா கடல் சாரல். கரையோரக் குளத்துல காத்து அடிச்சே உப்பு ஏறிடும். டாஃப்னியா மேக்னா சமையல் உப்ப லிட்டருக்கு 5 கிராம் சுத்துவட்டாரம் வரைக்கும்தான் தாங்கும், அதுக்கு முன்னாடியே தடுமாற ஆரம்பிக்கும். அதே உப்பளவுல கன்ட்ரோல் ஒன்னு வச்சு ஒப்பிடுங்க.

மீட்டர் நடுவுல இருக்கு, ஆனா குளம் பெங்குயின் கூட்டத்துக்குப் பக்கத்துல, இல்ல சீல் படுத்துப் புரள்ற எடத்துல எடுத்ததுன்னா அமோனியா. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, இது புரிஞ்சா பாதி வேல முடிஞ்சது. கொல்றது அயனி ஆகாத அமோனியா மட்டும்தான், அது எவ்ளோ இருக்கும்ங்கறத பிஎச்சும் சூடும் முடிவு பண்ணும். 20 டிகிரியில பிஎச் 7-ல மொத்த அமோனியால 0.4 சதவீதம், பிஎச் 8-ல 4 சதவீதம் கிட்ட, பிஎச் 9-ல 28 சதவீதம். அதே பிஎச் 8 தண்ணி 5 டிகிரியில இருக்கறப்ப 1.2 சதவீதம்தான். அப்ப அங்க குளத்துல ஒன்னும் பண்ணாத தண்ணி, இங்க லேப்ல 20 டிகிரிக்கு வந்ததுமே மூனு மடங்கு விஷமாகுது, கூடவே கரியமில வாயு வெளிய போய் பிஎச்சும் ஏறுனா இன்னும் மேல. அங்க நடக்காத ஒரு சாவ நாம இங்க உண்டாக்கிட்டு துருவத்து மேல எழுதி வைக்கிறோம். அமோனியா கிட் வச்சு அளந்துட்டு, சாம்பிள்ல கொஞ்சம் ஜியோலைட்டு (அமோனியாவ உறிஞ்சுற கல்லு) போட்டு ஆட்டி எடுத்துட்டு திரும்ப டெஸ்ட்டு போடுங்க. சாவு நின்னுச்சுன்னா பெங்குயின் எச்சம்தான் காரணம்.

தண்ணி பால் மாதிரி கலங்கலா இருந்தா அது பனியாறு அரைச்ச பாறை மாவு. டாஃப்னியா வடிகட்டித் திங்கிற ஜீவன், வயிறு முழுக்க மாவா ரொம்பிடும், பாசி உள்ள போக எடம் இருக்காது. ஃபில்டர் பண்ணலாம், ஆனா பண்ணா மைக்ரோபிளாஸ்டிக்கும் சேந்து போயிரும், அதனால ஃபில்டர் பண்ணது பண்ணாதது ரெண்டையும் ஓட்டுங்க, பண்ணாததுக்கு ஜோடியா கயோலின் களிமண் கலந்த கன்ட்ரோல் ஒன்னு வைங்க.

இவ்ளோத்தையும் தாண்டி இன்னும் சாகுதுன்னா இப்பத்தான் மாசு பக்கம் வர்றோம். சாம்பிள மூனா பிரிங்க. ஒன்னுல உலோகத்த பிடிச்சு வச்சுக்கிற இடிடிஏ சேருங்க, பொழச்சா உலோகம். ஒன்னுல தயோசல்ஃபேட், பொழச்சா குளோரின் வகை, ஆனா இது சில உலோகத்தையும் பிடிச்சு வச்சுக்கும், அதனால இடிடிஏ பீக்கரோட சேத்துத்தான் படிக்கணும். ஒன்ன ஆர்கானிக் ரசாயனத்த பிடிச்சு வைக்கிற எச்எல்பி கேட்ரிட்ஜு வழியா விடுங்க, வெளிய வந்த தண்ணியில பொழச்சா காரணம் ஆர்கானிக் ரசாயனம், அது கேட்ரிட்ஜுல மாட்டியிருக்கு, மெத்தனால்ல கழுவி எடுத்து கெமிஸ்ட்ரி ஆளுங்ககிட்ட குடுங்க. ஒரு எச்சரிக்கை, டாஃப்னியா வளக்கிற எலெண்ட் எம்4 எம்7 மீடியத்துலயே இடிடிஏ இருக்கு, உலோகம் பாக்கிற டெஸ்ட்டுல அத ஊத்துனா விஷத்த நீங்களே மறைக்கிறீங்க.

ஒன்னுமே ஆகல, எல்லாம் ஜோரா நீந்துது

இதுவும் பிரச்சினைதான், சொல்லப்போனா மேல உள்ளத விட பெருசு, ஏன்னா "துருவத் தண்ணி சுத்தம்"னு எழுதிட்டுப் போயிடுவோம். கணக்கப் பாருங்க. பிஎஃப்ஏஎஸ்ல ஒன்னான பிஎஃப்ஓஎஸ் 48 மணி நேரத்துல பாதி டாஃப்னியாவ அசையாம ஆக்க லிட்டருக்கு பத்து மில்லிகிராம் கணக்குல வேணும், துருவத் தண்ணியில அது இருக்கறது நானோகிராம் இல்ல அதுக்கும் கீழ. நடுவுல பத்து லட்சம் மடங்குக்கும் மேல வித்தியாசம். 48 மணி நேரச் சாவு டெஸ்ட்டுக்கு இது கண்ணுக்கே தெரியாது. சாவு இல்லங்கறதுக்கு இங்க அர்த்தம் ரொம்பக் கம்மி.

சரி, கெட்டியாக்கிப் பாப்போம்னு ஒரு லிட்டர் சாம்பிள கேட்ரிட்ஜுல ஏத்தி 1 மில்லி மெத்தனால்ல எடுப்பாங்க, ஆயிரம் மடங்குன்னு சந்தோசப்படுவாங்க. ஆனா டெஸ்ட்டுல கரைப்பான் லிட்டருக்கு 0.1 மில்லிக்கு மேல போகக்கூடாது, அதாவது பத்தாயிரம் மடங்கு திரும்ப நீர்த்துப் போகுது, முடிவுல குட்டி பாக்கறது அசல் தண்ணியில பத்துல ஒரு பங்கு. கெட்டியாக்குறேன்னு சொல்லி தண்ணி கலந்து குடுத்த மாதிரி ஆச்சு. மெத்தனால நைட்ரஜன் ஊதி முழுசா ஆவியாக்கிட்டு, மிச்சத்த நேரா மீடியத்துல கரைங்க. ஒரு லிட்டர் பத்து மில்லியில கரைஞ்சா உண்மையான 100 மடங்கு. ஒரு குட்டிக்கு கொறஞ்சது 2 மில்லி வேணும், 20 குட்டிக்கு 40 மில்லி, அப்ப ஒரு சாம்பிளுக்கு நாலு லிட்டர். அண்டார்டிகா போறவங்ககிட்ட இத முன்னாடியே சொல்லிடுங்க, இல்லாட்டி ஒரு லிட்டர் பாட்டில் ஒன்னு கொண்டு வந்து குடுத்துட்டு போவாங்க.

21 நாள் குட்டி போடுற டெஸ்ட்டு ஓஇசிடி 211 இன்னும் நல்லா பேசும், ஆனா தண்ணி எங்க இருக்கு. பத்து தாய், ஆளுக்கு 50 மில்லி, வாரத்துக்கு மூனு தடவை மாத்துனா 21 நாள்ல ஒன்பது தொகுதி, நாலரை லிட்டர், அதுவும் கெட்டியாக்காத தண்ணிக்கு. 100 மடங்குன்னா 450 லிட்டர், எந்த ஹெலிகாப்டர்லயும் ஏத்த மாட்டாங்க. அதனால கொஞ்சம் தண்ணியில சீக்கிரமா பாக்கக்கூடியத எடுங்க: ஒரு மணி நேரத்துல எவ்ளோ பாசி தின்னுச்சு, இதயம் நிமிசத்துக்கு எத்தன தடவ அடிக்குது, வீடியோ எடுத்து நீந்துற வேகம் என்ன. ரத்த அழுத்த மாத்திரை புரோப்ரனலால் மாதிரி மருந்துங்க சாவுக்கு ரொம்ப முன்னாடியே இதயத் துடிப்புல காட்டிக் குடுக்கும், டாஃப்னியா உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கறதால சாதா மைக்ரோஸ்கோப்பே போதும், காசு இல்லாத லேப்புக்கு இது பெரிய வரம்.

பிளாங்க்கும் (வெறும் சுத்தத் தண்ணி சாம்பிளும்) விசமா இருக்கு, இல்ல கெமிஸ்ட்ரியில கஃபீன், டீட், பென்சோஃபீனோன் எல்லாம் வருது

சாம்பிள் எடுத்தவங்க முகத்துல சன்ஸ்கிரீன் தடவியிருப்பாங்க, ஓசோன் ஓட்டைக்குக் கீழ நிக்கறப்ப தடவாம இருக்க முடியாது, ஆனா பென்சோஃபீனோன்-3 அந்தக் கையிலருந்து பாட்டிலுக்குப் போயிரும். தண்ணி ஒட்டாத ஜாக்கெட்டுல பிஎஃப்ஏஎஸ் இருக்கலாம். இங்க வந்தா டீட், கொசு கடிக்காம இருக்க நாம காலையில கால்ல தடவுறது. கஃபீன் உங்க மேசையில இருக்கிற கோப்பி. மைக்ரோபிளாஸ்டிக்ல கலர் நூலா வருதுன்னா நீங்க போட்டிருக்கிற பாலியெஸ்டர் சட்டைய பாருங்க, பருத்தி கோட்டு போடுங்க.

இதுக்கு ஒரே வழி பயண பிளாங்க்கு. சுத்தமான தண்ணிய அதே பாட்டில்ல ஊத்தி, அதே பெட்டியில துருவம் வரைக்கும் அனுப்பி, அங்க தொறந்து மூடி, சாம்பிளோடயே திரும்பக் கொண்டு வரணும், கெட்டியாக்குற வேலையும் சாம்பிளுக்குப் பண்ற மாதிரியே இதுக்கும் பண்ணணும். இந்த பிளாங்க்கு இல்லாம வந்த சாம்பிள்ல கஃபீன் கண்டுபிடிச்சேன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், நீங்களும் ஒத்துக்காதீங்க.

ஆரம்பத்துல போட்ட அளவு, முடிவுல காணோம்

பிஎஃப்ஏஎஸ் பாட்டில் சுவத்துல ஒட்டும், பாலிப்ரோப்பிலீன் எடுங்க, டெஃப்ளான் மூடி கூடவே கூடாது. சில மருந்து வெளிச்சத்துல சிதையும். பாசி போட்டா அதுல ஒட்டிக்கும். 0 மணிக்கும் 48 மணிக்கும் அளந்து சராசரி எடுங்க, லேபிள்ல எழுதின அளவ வச்சு ஈசி50 போடாதீங்க.

4 டிகிரியில ஓட்டுறேன், செத்துச்சா உயிரோட இருக்கான்னே தெரியல

பீக்கர மெல்ல ஆட்டி 15 செகண்டுல நீந்தலன்னா அசையலன்னு கணக்கு, இது 20 டிகிரிக்கு எழுதினது. குளிர்ல ஜீவனே மெதுவா இருக்கும், 15 செகண்டு போதாது. மைக்ரோஸ்கோப்புல வச்சு இதயம் அடிக்குதா, மார்புக் கால் அசையுதான்னு பாத்து முடிவு பண்ணுங்க, எந்த அளவுகோல வச்சீங்கன்னு அறிக்கையில எழுதுங்க. குளிர்ல விஷம் உடம்புக்குள்ள ஏர்றதும் மெதுவு, 48 மணியில நிறுத்துனா பாதியில எழுந்து வந்த மாதிரி, ஒரு வாரமோ அதுக்கு மேலயோ ஓட்டி, ஈசி50 கீழ எறங்குறது நிக்கிற வரைக்கும் பாக்கணும்.

இன்னொரு விசயம், டாஃப்னியா மேக்னா அண்டார்டிகாவுல கிடையாது. அண்டார்டிக் தீபகற்பத்து ஏரியில இருக்கறது போகெல்லா பாப்பேங்கற கோப்பிபாடும் (சின்ன ஓட்டு ஜீவன்), பிராங்கினெக்டா கைனிங்கற ஃபேரி இறாலும். கிழக்கு அண்டார்டிகா வெஸ்ட்ஃபோல்ட் குன்றுப் பக்கம் டாஃப்னியாவுக்கு சொந்தமான டாஃப்னியாப்சிஸ் ஸ்டுடேரி. ஆர்க்டிக்ல லெபிடூரஸ் ஆர்க்டிகஸ்ங்கற ஓட்டு ஜீவன், கூடவே கறுப்பு டாஃப்னியா வகைங்க. நம்ம டாஃப்னியாவுல வந்த நம்பர அப்படியே இவங்க மேல ஏத்தக்கூடாது, ஒப்பிட்டுப் பாக்க மட்டும்தான். டாஃப்னியா மேக்னாவ அங்க கொண்டு போய் டெஸ்ட்டு பண்ணலாமான்னு யாராச்சும் கேட்டா, மாட்ரிட் நெறிமுறையோட ரெண்டாம் இணைப்பு வெளி ஜீவன பெர்மிட் இல்லாம உள்ள கொண்டு போக விடாது, அந்த எஃபிப்பியம் காய்ஞ்சாலும் உறைஞ்சாலும் சாகாது, ஒன்னு தப்பிச்சா போதும். அங்க உள்ளத இங்க எடுத்துட்டு வரவும் பெர்மிட் வேணும்.

அதனால ஃபேரி இறால கையாளக் கை பழகணும்னா தம்னோசெஃபாலஸ் பிளாட்டியூரஸ் முட்டை கிட்டா விக்கிறாங்க, 25 டிகிரியில ஒரு நாளுக்குள்ள பொரிஞ்சிடும், அதுல பழகிட்டு அப்புறம் நிஜ ஜீவன் கிட்ட போங்க. டெஸ்ட்டு முடிஞ்ச தண்ணி, செத்த ஜீவன், எஃபிப்பியம் எல்லாத்தையும் ஆட்டோகிளேவ்ல போட்டுட்டு கொட்டுங்க, அப்படியே சிங்க்குல ஊத்தாதீங்க, அது கால்வாய் வழியா கடலுக்குத்தான் போகுது. பீக்கர கழுவறப்ப கடைசியா அசிட்டோன், பொறவு சுத்தத் தண்ணி மூனு தடவை, கவுத்து வச்சு காயவிடுங்க, துணியால துடைக்காதீங்க.